கோளின் இடத்தை எந்த முறையில் குறிப்பது: அடிவானமா, வான நடுவரையா, சூரிய வீதியா?

2020 டிசம்பர் 21 அன்று மாலை வியாழனும் சனியும் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில், வெறுங்கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே புள்ளியாகத் தெரியும்படி நெருங்கி நின்றன. அந்தப் புள்ளி வானில் எங்கே இருந்தது என்று கேட்டால் நான்கு விடைகள் கிடைக்கும். சென்னையில் மாலை 6:30 மணிக்குப் பார்த்தவருக்கு அது நேர் மேற்கிலிருந்து 28 பாகை தெற்கே தள்ளி, அடிவானத்துக்கு மேல் 20 பாகை உயரத்தில் இருந்தது. நட்சத்திர வரைபடத்தை விரித்து வைத்திருந்தவருக்கு அதன் வல ஏற்றம் 20 மணி 10 நிமிடம், நடுவரை விலக்கம் தெற்கே 20.5 பாகை. கோள்களின் ஓட்டத்தைக் கணிப்பவருக்கு அது சூரிய வீதியில் 300.5 பாகை. திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் புரட்டியவருக்கோ அது மகர ராசியில் 6 பாகை கடந்த இடம்.

நான்கும் சரியான விடைகளே. ஆனால் கோள்களை முறையாகப் பின்தொடரத் தொடங்கும் ஒருவர், அல்லது ஒரு பள்ளியின் வானியல் மன்றம், இவற்றுள் எதைத் தம் குறிப்பேட்டில் எழுதுவது என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. பாதி வழியில் முறையை மாற்றினால் முன்பக்கத்து எண்களும் பின்பக்கத்து எண்களும் ஒன்றோடொன்று பேசாமல் போய்விடும். பால்வெளியின் தளத்தை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு முறையும் உண்டு. அத்தளம் சூரிய வீதிக்கு ஏறத்தாழ 60 பாகை சாய்ந்திருப்பதால் கோள்களுக்கு அது பொருந்துவதில்லை. அதை இங்கேயே விட்டுவிடலாம்.

அடிவானத்தை அடிப்படையாகக் கொள்ளும் முறை

மூன்றிலும் எளிமையானது இதுவே. வடக்கிலிருந்து கிழக்கு வழியாக அளக்கும் திசைக்கோணம் ஒன்று, அடிவானத்திலிருந்து மேலே அளக்கும் ஏற்றக்கோணம் ஒன்று என இரண்டு எண்கள் போதும். மேலே சொன்ன சென்னைக் காட்சி இம்முறையில் திசைக்கோணம் 242 பாகை, ஏற்றக்கோணம் 20 பாகை என்றாகும். திசைகாட்டியும், கையை நீட்டி விரல்களால் கோணம் மதிப்பிடும் பழக்கமும் இருந்தால், கருவி எதுவும் இல்லாமலேயே பக்கத்தில் நிற்பவருக்குக் கோளைக் காட்டிவிட முடியும்.

ஆனால் இந்த எண்களின் ஆயுள் மிகக் குறைவு. அன்று ஒரு மணி நேரம் கழித்து, 7:30 மணிக்கு, அதே கோள்கள் சென்னையில் வெறும் 6 பாகை உயரத்துக்கு இறங்கிவிட்டன. திசைக்கோணமும் 247 பாகையாக நகர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அதே 6:30 மணிக்கு அவை சென்னையைவிட ஒன்றரைப் பாகைக்கும் மேலாக உயர்ந்து நின்றன. லண்டனில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தவருக்கு உயரம் ஏறத்தாழ 12 பாகைதான். இத்தனைக்கும் அந்தச் சில மணி நேரத்தில் நட்சத்திரங்களுக்கிடையே கோள்கள் நகர்ந்த அளவு மிகச் சிறியது. மாறியதெல்லாம் பூமி சுழன்றதாலும் பார்ப்பவர் இடம் வேறானதாலும் வந்தது. ஆகவே, நேரமும் இடமும் எழுதப்படாத ஏற்றக்கோணம் எதற்கும் பயன்படாத எண். அவை இரண்டும் சரியாக எழுதப்பட்டிருந்தால், அதிலிருந்து மற்ற எந்த முறைக்கும் கணக்கிட்டுச் செல்லலாம்.

இதற்குள் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றுமண்டலத்தின் ஒளிவிலகல் எல்லாப் பொருள்களையும் சற்றே உயர்த்திக் காட்டுகிறது. 20 பாகை உயரத்தில் அது 3 கலைக்கும் குறைவு (60 கலை ஒரு பாகை). 6 பாகை உயரத்தில் 8 கலைக்கு மேல். அடிவானத்தில் 34 கலை. அன்று இரவு 7:30 மணிக்கு வியாழனை அளந்த ஒருவர் இந்தத் திருத்தத்தை மறந்திருந்தால், அவருடைய பிழை இரு கோள்களுக்கும் இடையிலிருந்த 6 கலை இடைவெளியைவிடப் பெரிதாக இருந்திருக்கும்.

வான நடுவரையை அடிப்படையாகக் கொள்ளும் முறை

பூமியின் நிலநடுக்கோட்டை வானம் வரை நீட்டினால் கிடைப்பது வான நடுவரை. அதற்கு வடக்கேயோ தெற்கேயோ ஒரு பொருள் எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பது நடுவரை விலக்கம். மார்ச் மாதச் சம இரவு நாளில் சூரியன் இருக்கும் புள்ளியிலிருந்து கிழக்கு நோக்கி அளப்பது வல ஏற்றம். பூமியில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் செய்யும் வேலையை வானில் இவை செய்கின்றன.

வல ஏற்றத்தைப் பாகையில் எழுதாமல் மணியிலும் நிமிடத்திலும் எழுதுவது புதியவர்களைக் குழப்புகிறது. அது அளக்கப்பட்ட விதத்தைப் பார்த்தால் குழப்பம் தீரும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய மதராஸ் வானாய்வகம் போன்ற இடங்களில், வடக்கு-தெற்குக் கோட்டிலேயே அசையும்படி பொருத்தப்பட்ட தொலைநோக்கி ஒன்று இருக்கும். ஒரு நட்சத்திரம் அக்கோட்டைக் கடக்கும் கணத்தை, சூரியனை அல்லாமல் நட்சத்திரங்களை ஒட்டி ஓடும் நட்சத்திர நேரம் காட்டும் கடிகாரத்தில் குறித்தால், அந்த நேரமே அதன் வல ஏற்றம்; அப்போது தொலைநோக்கி சாய்ந்திருந்த கோணத்திலிருந்து நடுவரை விலக்கம் கிடைத்துவிடும். டி. ஜி. டெய்லர் அங்கிருந்து 1844இல் வெளியிட்ட 11,015 நட்சத்திரங்களின் பட்டியல் இந்த வகை உழைப்பின் விளைவு. அதே வானாய்வகத்தில் 1861இல் நார்மன் போக்சன் 'ஆசியா' என்னும் சிறுகோளைக் கண்டுபிடித்தார். வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி வானில் இருக்கிறது, அது நாளுக்கு நாள் நகர்கிறது என்று உறுதிசெய்வதற்கு, அசையாத நட்சத்திரங்களின் இடங்கள் முன்பே இம்முறையில் பதிவாகியிருக்க வேண்டும்.

குறிப்பேட்டுக்கு இம்முறையை நான் பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம். கருவி இல்லாத பார்வையாளர் உண்மையில் அளப்பது அடிவானத்திலிருந்து அல்ல. "இந்த நட்சத்திரத்துக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் நடுவே, சற்று மேலே" என்று நட்சத்திரங்களை வைத்தே அவர் கோளின் இடத்தை மனத்தில் பதிக்கிறார். அச்சிட்ட வரைபடங்களும் பட்டியல்களும் பெரும்பாலும் நடுவரை முறையில் உள்ளன. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, ஓரத்திலுள்ள எண்களைப் படித்து எழுதினால் போதும். பார்த்தது திருச்சியிலா திருகோணமலையிலா என்பதால் அந்த எண்கள் மாறுவதில்லை.

இங்கிருந்து அடிவான முறைக்குப் போவதும் கடினமன்று. அன்று மாலை 6:30 மணிக்குச் சென்னையின் நட்சத்திர நேரம் 0 மணி 23 நிமிடம், அதாவது 24 மணி 23 நிமிடம். அதிலிருந்து, அன்றைய நாளுக்குத் திருத்திய வல ஏற்றமான 20 மணி 11 நிமிடத்தைக் கழித்தால் 4 மணி 12 நிமிடம் மிஞ்சும். மணிக்கு 15 பாகை வீதம் அது 63 பாகை. இந்த நேரக்கோணம் சொல்வது, கோள்கள் வடக்கு-தெற்குக் கோட்டைக் கடந்து 63 பாகை மேற்கே சாய்ந்துவிட்டன என்பதைத்தான். இதனோடு சென்னையின் அட்சரேகையான 13 பாகையையும் நடுவரை விலக்கத்தையும் சேர்த்துக் கோள முக்கோணவியலில் இட்டால், மேலே சொன்ன 20 பாகை உயரம் வந்துவிடும்.

முதலில் 20 மணி 10 நிமிடம் என்றும், பிறகு 20 மணி 11 நிமிடம் என்றும் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டும் ஒரே இடம். அளக்கத் தொடங்கிய புள்ளிதான் வேறு. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சம இரவுப் புள்ளி ஆண்டுக்கு ஏறத்தாழ 50.3 விகலை வீதம் (60 விகலை ஒரு கலை) மேற்கே நகர்கிறது. ஒரு பாகை நகர ஏறத்தாழ 72 ஆண்டுகள் ஆகும். அதனால் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்புள்ளி இருந்த இடத்தை நிலையாகக் கொள்ளும் 'ஜே2000' எண்களும், பார்க்கும் நாளில் அது இருக்கும் இடத்தைக் கொள்ளும் அன்றைய எண்களும் வேறுபடுகின்றன. 21 ஆண்டுகளில் சேர்ந்த வேறுபாடு 17 கலைக்கும் மேல். அன்று வியாழனுக்கும் சனிக்கும் இருந்த இடைவெளியைப் போல அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒரு கோளுக்கு ஜே2000 எண்ணையும் மற்றதற்கு அன்றைய எண்ணையும் எடுத்து ஒப்பிட்டவருக்கு அந்தச் சேர்க்கை நிகழவேயில்லை என்றுகூடத் தோன்றியிருக்கும். ஸ்டெல்லேரியம் போன்ற மென்பொருள்கள் இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் காட்டுவதால், எதை எழுதினோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

சூரிய வீதியை அடிப்படையாகக் கொள்ளும் முறை

நடுவரை முறை பூமியின் சுழற்சியிலிருந்து பிறந்தது. கோள்களுக்கும் அந்தச் சுழற்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஓராண்டில் ஒரு கோளின் பாதையை நடுவரை வரைபடத்தில் வரைந்தால், அது வடக்கே 23 பாகைக்கும் தெற்கே 23 பாகைக்கும் இடையே ஏறி இறங்கும் வளைகோட்டின் ஒரு துண்டாக வரும். அந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி கோளுடையது அன்று, பூமியின் அச்சுச் சாய்வுடையது. சூரியன் ஆண்டு முழுவதும் செல்லும் வழியாகிய சூரிய வீதியையே அடிக்கோடாக எடுத்துக்கொண்டால் இந்தக் கலப்பு நீங்கிவிடும். வீதியின் வழியே அளப்பது தீர்க்காம்சம். வீதிக்கு வடக்கிலோ தெற்கிலோ விலகிய அளவு விட்சேபம்.

கோள்களின் சுற்றுத்தளங்கள் பூமியின் தளத்தோடு ஏறக்குறைய ஒட்டியே அமைந்துள்ளன: வியாழன் 1.3 பாகை, செவ்வாய் 1.85, சனி 2.5, வெள்ளி 3.4, புதன் 7 பாகை. இதனால் விட்சேபம் பெரும்பாலும் சிறிய எண்ணாகவே இருக்கும். தீர்க்காம்சம் என்னும் ஒரே எண்ணைக் கொண்டு கோளின் ஆண்டுக் கதையை ஏறத்தாழ முழுமையாகச் சொல்லிவிடலாம். வெள்ளி மட்டும் இந்தப் பொதுவிதிக்குச் சற்று அடங்காதது: அது பூமிக்கு மிக அருகே வரும்போது, அதன் சிறிய சாய்வும் நமக்குப் பெரிதாகத் தெரிந்து, விட்சேபம் சில சமயம் 8 பாகையையும் தாண்டிவிடுகிறது.

எண்களைச் சரிபார்க்க விரும்புவோர்க்கு ஒரு வழி: சூரிய வீதியில் உள்ள புள்ளியின் நடுவரை விலக்கத்தின் சைன் மதிப்பு, 23.44 பாகையின் சைனையும் தீர்க்காம்சத்தின் சைனையும் பெருக்கினால் கிடைக்கும். 300.5 பாகைக்கு அது தெற்கே 20 பாகை என்று வருகிறது. கோள்கள் வீதிக்குத் தெற்கே இன்னும் ஏறத்தாழ அரைப் பாகை விலகியிருந்தன, ஆகவே 20.5.

கோள் எதிர்நிலைக்கு (சூரியனுக்கு நேர் எதிரே) வருவது, வக்கிரமடைவது (பின்னோக்கி நகர்வதாகத் தோன்றுவது), மற்றொரு கோளோடு சேர்வது ஆகியவை எல்லாம் தீர்க்காம்சத்தில்தான் இயல்பான பொருள் பெறுகின்றன. அதே நிகழ்வுகளை வல ஏற்றத்தில் வரையறுத்தால் நேரம் மாறிவிடும். 2020ஆம் ஆண்டுச் சேர்க்கையையே எடுத்துக்கொண்டால், வியாழனும் சனியும் ஒரே வல ஏற்றத்துக்கு வந்தது இந்திய நேரப்படி மாலை 7 மணியை ஒட்டி. ஒரே தீர்க்காம்சத்துக்கு வந்தது இரவு 11:50 மணி அளவில், தமிழகத்தில் அவை இரண்டும் மறைந்து நெடுநேரம் ஆன பிறகு. ஒரு செய்தித்தாளும் மற்றொரு செய்தித்தாளும் வேறு வேறு நேரம் அச்சிட்டால், இரண்டில் ஒன்று பிழை என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. வக்கிரத் தொடக்கமும் இப்படித்தான்: வல ஏற்றத்தில் கோள் நிற்பதுபோல் தோன்றும் நாளும் தீர்க்காம்சத்தில் நிற்கும் நாளும் ஒன்றாகவே அமையும் என்பதில்லை.

இம்முறையின் வலிமைக்கு நெப்டியூனைவிட நல்ல சான்று கிடையாது. யுரேனஸின் ஓட்டத்தில் காணப்பட்ட பிறழ்ச்சியிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணித்து, 1846 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸில் அறிவித்த இடம், சூரியனை மையமாகக் கொண்ட தீர்க்காம்சம் 326 பாகையை ஒட்டியது. வேறு எந்த முறையிலும் அந்தக் கணக்கை அவ்வளவு நேராக எழுதியிருக்க முடியாது. ஆனால் செப்டம்பர் 23 அன்று பெர்லினில் கல்லேயும் தாரெஸ்டும் கோளைத் தேடியபோது அவர்கள் கையில் இருந்தது, பிரெமிக்கர் வரைந்த 21ஆம் மணி வல ஏற்றப் பகுதியின் வரைபடம். கல்லே தொலைநோக்கியில் தெரியும் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, தாரெஸ்ட் அவற்றை வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில், வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி சிக்கியது. கணக்கு ஒரு முறையில், தேடல் மற்றொரு முறையில்.

பஞ்சாங்க எண்ணோடு ஒப்பிடும்போது

தமிழ் வாசகர்களுக்குச் சூரிய வீதி முறை உண்மையில் புதிதன்று. பஞ்சாங்கத்தில் உள்ள கிரக ஸ்புடம் என்பது தீர்க்காம்சமே. பாகை, கலை, விகலை என்னும் அளவுகளும் அங்கே வழங்குபவையே. தொடக்கப் புள்ளிதான் வேறு. சம இரவுப் புள்ளியிலிருந்து அளப்பது சாயன முறை. நட்சத்திரங்களை ஒட்டி நிலைநிறுத்திய மேஷத் தொடக்கத்திலிருந்து அளப்பது நிராயண முறை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடாகிய அயனாம்சத்தை, மேகநாத் சாஹா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச் 21 அன்று 23 பாகை 15 கலை என்று வரையறுத்தது. 2020 இறுதியில் அது 24 பாகை 8 கலையைத் தாண்டியிருந்தது. 300.5 பாகையிலிருந்து அதைக் கழித்தால் 276.3 வரும், மகரம் 270இல் தொடங்குவதால், மகரத்தில் 6 பாகை கடந்த இடம்.

மேற்கத்திய சோதிடர்கள் அதே நிகழ்வைக் கும்பத்தில் நடந்ததாக எழுதினார்கள். ஏனெனில் சாயனக் கணக்கில் கும்பம் 300 பாகையில் தொடங்குகிறது. அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் எல்லைக்கோடுகளின்படி கோள்கள் மகர விண்மீன் குழுவில் இருந்தன. அந்த எல்லைக்கோடுகளோ 1875ஆம் ஆண்டின் வல ஏற்ற, நடுவரை விலக்கக் கோடுகளை ஒட்டி வரையப்பட்டவை. ராசி என்னும் சமமான 30 பாகைத் துண்டுகளோடு அவை பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே ராசிப் பெயரை மட்டும் குறிப்பேட்டில் எழுதுவது இடத்தைக் குறிப்பதாகாது.

இங்கே பலரும் இரண்டு வேறு சிக்கல்களை ஒன்றாகக் கருதுகிறார்கள். திருக்கணிதப்படி சனி மகரத்துக்குள் நுழைந்தது 2020 ஜனவரி 24 அன்று. வாக்கியப் பஞ்சாங்கப்படி திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நடந்ததோ அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று. அதாவது, வியாழனும் சனியும் வானில் ஒட்டி நின்ற டிசம்பர் 21 மாலையில், வாக்கியக் கணக்கில் வியாழன் மகரத்திலும் சனி இன்னும் தனுசிலும் இருந்தன. சனியின் இடத்தில் இரு பஞ்சாங்கங்களுக்கும் வேறுபாடு 6 பாகைக்கு மேல். இது ஆயத்தொலைவு முறை பற்றிய வேறுபாடு அன்று. இரண்டுமே நிராயணத் தீர்க்காம்சத்தைத்தான் தருகின்றன. வாக்கிய முறை பழைய சூத்திரங்களின் மாறிலிகளைக் கொண்டும், திருக்கணிதம் தற்கால வானியல் அளவீடுகளைக் கொண்டும் கணிப்பதால் வந்த வேறுபாடு அது. கோயில் வழக்கு எதைப் பின்பற்ற வேண்டும் என்பது வேறு கேள்வி. வானில் கோளைத் தேடுபவருக்கு உதவுவது திருக்கணிதமே. அன்றைய வானம் அதற்கு வெளிப்படையான சாட்சி.

எந்த மையத்திலிருந்து பார்ப்பது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அட்டவணைகள் பெரும்பாலும் பூமியின் மையத்திலிருந்து பார்த்த இடத்தைத் தருகின்றன. நாம் நிற்பது மேற்பரப்பில் என்பதால் நிலவின் இடம் ஒரு பாகை வரை மாறக்கூடும். வியாழனுக்கு அந்த மாற்றம் 3 விகலைக்குள் அடங்கிவிடுகிறது. சூரிய மையத் தீர்க்காம்சம் சுற்றுப்பாதைக் கணக்குக்கு உரியது. அதைக் கொண்டு வானில் நேரடியாகத் தேடினால் கோள் கிடைக்காது.

முடிவாக எதை எடுத்துக்கொள்வது

ஒரே ஒரு முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், நான் ஜே2000 வல ஏற்றத்தையும் நடுவரை விலக்கத்தையுமே எடுத்துக்கொள்வேன். பக்கத்தில் நாளும் நேரமும் ஊரும் இருக்க வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்துப் புரட்டினாலும், வேறு நாட்டிலிருந்து ஒருவர் படித்தாலும், அந்த வரியை வரைபடத்தில் நேரடியாக வைத்துப் பார்க்க முடியும். ஆனால் செவ்வாயின் வக்கிரத்தையோ, வியாழன் ஆண்டுக்குச் சுமார் 30 பாகை நகர்வதையோ மாணவர்களுக்குக் காட்டுவதுதான் நோக்கம் என்றால், அதே குறிப்புகளைத் தீர்க்காம்சமாக மாற்றி, நாளுக்கு எதிராக வரைபடத்தாளில் வரைவதே சரி. நடுவரை எண்களை அப்படியே வரைந்தால் ஏன் வளைகிறது என்று விளக்குவதிலேயே வகுப்பு முடிந்துவிடும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் இணையத்தில் வழங்கும் ஹொரைசன்ஸ் சேவை மூன்று முறைகளிலும் எண்களைத் தருவதால், மாற்றுக் கணக்குக்குப் பயந்து ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை இன்று இல்லை.

தொலைநோக்கி வாங்கும்போதும் இதே தேர்வு வேறு உருவத்தில் வருகிறது. மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கி, அல்லது டாப்சோனியன், அடிவான முறையின் கருவி. ஓர் அச்சை வானத் துருவத்தை நோக்கி நிறுத்தும் துருவ அச்சுத் தாங்கி நடுவரை முறையின் கருவி. பின்னதை எளிதாக அமைக்கத் துருவ நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதன் உயரம் ஏறத்தாழ ஊரின் அட்சரேகைக்குச் சமம் என்பதால் சென்னையில் அது 13 பாகை, கன்னியாகுமரியில் 8 பாகை மட்டுமே. எதிர்வீட்டு மாடியோ வடக்கே உள்ள நகரத்தின் புகைமூட்டமோ அதை எளிதாக மறைத்துவிடும். வியாழனின் நிலவுகளையும் சனியின் வளையத்தையும் கண்ணால் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் டாப்சோனியன் போதும். துருவ அச்சுத் தாங்கிக்கான செலவை, நீண்ட நேரம் ஒளி சேர்த்துப் படம் எடுக்கத் தொடங்கும் வரை தள்ளிப்போடலாம்.